ஏழாவது முறை

நாற்காலிகளை நேருக்கு நேர் போடக் கூடாது. கொஞ்சம் கோணலாகப் போட வேண்டும். அழப்போகிறவருக்குக் கண்ணை வைத்துக்கொள்ள ஒரு சுவரோ ஜன்னலோ தேவைப்படும். எதிரே இன்னொரு முகம் மட்டும் இருந்தால் அவர் அழ மாட்டார், வளவளவென்று பேசிக்கொண்டிருப்பார். எங்கள் பயிற்சிக் கூடத்தில் முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பட்டம் வாங்கி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

திருமதி ஹால்வர்சன், உரிம வாரியத்தின் சார்பில் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். என் வக்கீல் இரண்டு பக்கத்தில் ஒன்றைத் தயார் செய்து கொடுத்தார். அதில் ‘டாக்டர் ஆர்டிஸ் ட்வெய்ட் கவனிக்கத் தவறிவிட்டார்’ என்று மூன்று இடத்தில் வருகிறது. அதை நான் அனுப்பவில்லை. முப்பத்தொரு வருடமாக நான் பார்க்கும் ஒரே வேலை கவனிப்பது. அதில் எனக்குக் குறை இருப்பதாகக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

எங்களிடம் வருகிறவர்கள் மனநல ஆலோசகர்கள். சிலர் புதியவர்கள், சிலர் இருபது வருடம் தொழில் பார்த்தவர்கள். புத்தகத்தில் இருப்பதைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எதிரே ஒருவர் உதடு துடிக்க உட்கார்ந்துவிட்டால் போதும், “எனக்குப் புரியுது” என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வார்கள், இல்லாவிட்டால் டிஷ்யூப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்துவார்கள். பெட்டியை நகர்த்துவதற்கு என்ன அர்த்தம்? போதும், துடைத்துக்கொள் என்று அர்த்தம். எங்கள் துலூத் நகரத்தில் ஆறு வயதுப் பிள்ளைகூட ஹாக்கி மட்டையைப் பிடித்துக்கொண்டு உறைந்த குளத்தில் ஒரே அடியை நூறு தடவை அடித்துப் பழகுகிறது. ஆலோசகர்கள் மட்டும் பழகாமலே ஆட்டத்தில் இறங்குகிறார்கள். இதை நான் சொன்னால் தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பழக்கும் முறை எளிமையானது. ஒரு நடிகர் ஆலோசனைக்கு வந்தவராக உட்காருவார். அவர் சட்டையில் அவருடைய பாத்திரத்தின் பெயரை எழுதிய அட்டை குத்தியிருக்கும். நான் எழுதிக்கொடுத்ததை ஒரு நிமிடம் பேசுவார். மாணவர் பதில் சொல்வார். குரலின் இதம், கேட்கும் பொறுமை, சொல்லின் தெளிவு என்று எட்டு வகையில் ஐந்துக்கு இத்தனை என்று நான் மதிப்பெண் போடுவேன். எதை மாற்ற வேண்டும் என்று சொல்வேன். பிறகு அதே பேச்சு முதலிலிருந்து, அதே மாணவர், இன்னும் நல்ல பதில். ஒருவருக்குப் பத்து முறை வரை போகும். எல்லாம் கேமராவில் பதிவாகும். நடிப்பவருக்குத் தாங்கவில்லை என்றால் பெயரட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் போதும். உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அவரைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டு, தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான்தான்.

இதில் ஒரு சங்கடம். நடிகர்கள் நான்காவது முறைக்குள் மங்கிவிடுவார்கள். கண்ணீர் வரும், கனம் இருக்காது. ஓய்வுபெற்ற நாடகக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் விம்ம ஆரம்பித்தாலே மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். பொய்யான அழுகைக்குப் பதில் சொல்லிப் பழகினால் பொய்யான பதில்தான் வரும்.

ரோண்டா கங்காஸ் வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு, செப்டம்பரில். நாற்பத்தொன்பது வயது. ஒரு பள்ளியில் மதிய உணவு பரிமாறும் வேலை, வார இறுதியில் உள்ளூர் நாடகக் குழுவில் சின்ன வேடங்கள். நான் வழக்கம்போல முகபாவம் பற்றி ஆரம்பித்தேன்.

“எட்டு வருஷமா தினம் முந்நூறு பிள்ளைங்களுக்குப் பட்டாணி போடுறேன் டாக்டர்,” என்றாள். “ஒவ்வொண்ணும் அந்தப் பட்டாணியப் பார்த்து என்ன மூஞ்சி வைக்கும்னு எனக்குத் தெரியும். அதனால அந்தப் பாடத்த விட்டுடுங்க.”

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆர்டிஸ் என்றே கூப்பிடு என்றேன்.

அவளுக்குக் கொடுத்த பாத்திரத்தின் பெயர் டயான். பிள்ளையை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தாய். தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு, “நோய்க்குப் பதிலா கார் விபத்துன்னு வச்சுக்கலாமா?” என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன். அன்று பத்து முறை பேசினாள். பத்தாவது முறையும் முதல் முறை போலவே இருந்தது. எனக்கு இரண்டாவது முறையிலேயே தெரிந்துவிட்டது. நடிப்பவர்கள் பேசுவதற்கு முன்னால் மூச்சை இழுப்பார்கள். ரோண்டா மூச்சை முழுக்க விட்டுவிட்டு, மிச்சமே இல்லாமல் பேசினாள்.

எல்லோரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே தானாகச் சொன்னாள். மகள் பெயர் ஷெல்பி, பத்தொன்பது வயது. வடக்கே டூ ஹார்பர்ஸ் என்ற ஊரில் தோழி வீட்டில் இருந்தவளை இவள் போனில் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டில் ஒரே வண்டி. காலையில் இவளுக்கு வேலைக்குப் போக அது வேண்டும்.

“ரோடு வழுக்குதும்மான்னா. மெதுவா வாடின்னேன். அவ்வளவுதான் பேசினோம்.” குழாயை மூடினாள். “நான் போன் பண்ணினது ராய்க்குக்கூடத் தெரியாது. அவளா கிளம்பி வந்தான்னு நெனச்சுட்டு இருக்கார். உங்ககிட்டதான் முதமுதல்ல சொல்றேன், ஆர்டிஸ்.”

ராய் அவளுடைய கணவர். அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையிலிருந்து அவளை நிறுத்திவிட்டு, என்னோடு சம்பந்தமில்லாத ஒரு நல்ல ஆலோசகரிடம் அனுப்பியிருக்க வேண்டும். தவறாமல் அப்படிச் செய்யச் சொல்லி மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். நான் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பேசி முடிக்கும்வரை கேட்டேன். நன்றாகவே கேட்டேன். அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் சரியாக வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் மாணவர்கள் முன்னேறிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கர்டிஸ் பெல்லாஞ்சர் ஒருவரைச் சொன்னால் போதும். கப்பலில் இரும்புத் தாது ஏற்றும் துறைமுகத்தில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்துநாலு வயதில் வேலையை விட்டுவிட்டு இதைப் படிக்க வந்தவர். முதல் நாள் ரோண்டாவின் தோளைத் தட்டி, “அட விடுங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார்.

“எங்க மாமனாரு இப்படித்தான் ஆறுதல் சொல்வாரு,” என்றாள் ரோண்டா. “அவர் வந்துட்டுப் போனதும் நாங்க எல்லாம் தனியா உக்காந்து அழுவோம்.”

அறையே சிரித்தது, கர்டிஸும்தான். ஆறு மாதத்தில் அதே மனிதர் அந்தப் பெரிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், அவள் எங்கே நிற்கிறாளோ அங்கேயே நிற்கக் கற்றுக்கொண்டார். அவரை அப்படி ஆக்கியது ரோண்டாதான். இதை நான் அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. யோசித்துப் பார்த்தால் எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். வாரத்துக்கு நாற்பது ஐம்பது முறை ஒருத்தி தன் உண்மையான துக்கத்தைச் சொல்கிறாள். பதில் சொல்பவர்கள் வாரத்துக்கு வாரம் தேறிக்கொண்டே வருகிறார்கள். அவளுக்கு ஆறத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் வருட முடிவில் ஒரு நாள் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். ஷெல்பிக்குப் பிடித்த ரொட்டியாம், அவள் போன பிறகு அன்றுதான் முதன்முறையாக மாவு பிசைந்திருக்கிறாள். எல்லோருக்கும் சந்தோஷம். அன்று நான்காவது சுற்றில் அவள் குரல் மங்கியது. நான் அதைக் குறித்துவைத்தேன். ரொட்டி நன்றாக இருந்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னாள். “ராய்கிட்ட அந்தப் போன் விஷயத்தச் சொல்லிடலாம்னு இருக்கேன். சர்ச்சுல பிள்ளைங்கள இழந்தவங்க ஒண்ணா உக்காந்து பேசுறாங்களாம். அதுவும் வியாழக்கிழமதான் வருது. அதனால இங்க வர்றத நிறுத்திக்கலாமான்னு…”

நான் அவளைத் தடுக்கவில்லை. எங்கள் தொழிலில் யாரையும் தடுப்பதில்லை, யோசனையும் சொல்வதில்லை. கேள்விதான் கேட்போம். “சொல்றது உங்க இஷ்டம் ரோண்டா. ராயால அதத் தாங்க முடியுமான்னு யோசிச்சீங்களா?” என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. “சர்ச்சுல இருக்கறவங்க யாரும் ராய்கிட்ட வாய்தவறிச் சொல்லிட மாட்டாங்கதானே?” என்றும் கேட்டேன். அவள் ராயிடம் சொல்லவில்லை, சர்ச்சுக்கும் போகவில்லை.

ஆனாலும் குரல் மங்கித்தான் இருந்தது. அப்போது மாநிலத்தின் நான்கு ஊர்களிலிருந்து பதினான்கு மாணவர்கள் எங்களை நம்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தொழிலில் இருக்கப்போகும் காலத்தில் குறைந்தது ஆயிரம் பேரையாவது பார்ப்பார்கள். பதினாலாயிரம் பேர் ஒரு தட்டில், ரோண்டா இன்னொரு தட்டில். இப்படித்தான் நான் யோசித்தேன். இதில் கணக்குப் பிழை இருந்தால் வாரியம் சுட்டிக்காட்டலாம்.

டயானின் பேச்சை மாற்றி எழுதினேன். மகளைப் போனில் கூப்பிட்டதையும், வண்டி வேண்டும் என்று சொன்னதையும், ‘மெதுவா வாடி’ என்றதையும் சேர்த்தேன். ரோண்டா தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது நான் உங்ககிட்ட சொன்னது, ஆர்டிஸ்.”

“ஆமா. உங்களால முடியலைன்னா வேண்டாம். ஒண்ணும் கட்டாயமில்ல.”

எங்கள் பக்கத்து மனிதர்களை உங்களுக்குத் தெரியும். கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டால் அவர்களால் மறுக்க முடியாது. அவள் பேசினாள்.

தவறான பதிலைப் பழகும் பயிற்சியையும் அப்போதுதான் கொண்டுவந்தேன். எது வலிக்கும் என்று தெரிந்தால்தான் எது ஆற்றும் என்று தெரியும் என்பது என் கருத்து. மாணவர் முதல் மூன்று முறை வேண்டுமென்றே தவறான பதிலைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலையும் நானே எழுதிக்கொடுத்தேன். “அன்னிக்கு நீங்க வண்டி கேக்காம இருந்திருந்தா உங்க பொண்ணு இப்ப உயிரோட இருந்திருப்பா, இல்லையா?” பதினான்கு பேர், ஆளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு வாரமும். கிறிஸ்துமஸுக்கு முன்பே குரல் திரும்பிவிட்டது. ரொட்டி வருவதும் நின்றுவிட்டது.

ஜனவரியில் கர்டிஸ் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“ஆர்டிஸ், அவங்க நடிக்கல.”

“அப்படித் தோணுதா உங்களுக்கு?”

“தோணுறது என்ன, தெரியுது. எங்க அண்ணன் கப்பல்ல அடிபட்டுப் போனப்ப எங்க அம்மா இப்படித்தான் மூச்சு விட்டாங்க. இத நிறுத்தணும்.”

“அம்மாவ அன்னிக்கு உங்களால ஆத்த முடியல. அந்த வருத்தத்த இப்ப ரோண்டாமேல ஏத்திப் பாக்குறீங்களோ?”

அவர் முகம் சிவந்தது. எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர்கள் குறைவு. அவர் சொன்னது முற்றிலும் சரி என்பது எனக்குத் தெரியும், அதைக் கண்டுபிடித்ததற்காக மனத்துக்குள் மெச்சவும் செய்தேன். அறிக்கையில் ‘காப்பாற்றத் துடிக்கிறார், எல்லை தெரியவில்லை’ என்று எழுதி அவரிடமே படிக்கக் கொடுத்தேன். அவருடைய பயிற்சி நேரத்துக்கு நான் கையெழுத்துப் போட்டால்தான் உரிமம் வரும். பழைய வேலையையும் விட்டுவிட்டவர். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வியாழக்கிழமைதான் நீங்கள் கேட்கும் நாள். கர்டிஸ்தான் நாற்காலியில் இருந்தார். பின்னால் இரண்டு மாணவர்கள். தவறான பதில்கள் மூன்றும் முடிந்தன. மூன்றாவதைச் சொல்லும்போது கர்டிஸ் தாளைப் பார்த்து வாசித்தார், அதற்கு மதிப்பெண் குறைத்தேன். நான்காவது சுற்று ஆரம்பிக்க வேண்டும். ரோண்டா பெயரட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“நான் டயான் இல்ல, ரோண்டா,” என்றாள். “எனக்கு இனிமே வீட்டுக்குப் போகணும்னே தோணல. ஷெல்பி போன எடத்துக்கே நானும் போயிடலாம்னு இருக்கு.”

கர்டிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். விதிப்படி நான் எழுந்து எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் இவ்வளவு உண்மையாக ஒரு வார்த்தை ஒலித்ததில்லை. “நிறுத்தாதீங்க கர்டிஸ்,” என்றேன். “இதுவும் பயிற்சிதான். பதில் சொல்லுங்க.”

அவர் நம்பினார். நம்பும்படிதான் சொன்னேன்.

“ரோண்டா,” என்றார். நீண்ட நேரம் காத்திருந்தார். “அந்த எடத்துக்குத் தனியாப் போகணும்னு நெனக்கிற அளவுக்கு வலிக்குது உங்களுக்கு. நான் எங்கயும் போகல. இங்கதான் உக்காந்திருக்கேன். சொல்லுங்க.”

நான் கேட்ட பதில்களிலேயே அதுதான் சிறந்தது. ரோண்டா அவர் பக்கம் சாய்ந்தாள். வாயைத் திறந்தாள். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், பிழைத்திருப்பாள். ஆனால் அது பயிற்சியில் இல்லாத நிமிடம்.

“நல்லா இருந்தது,” என்றேன். “குரல மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க கர்டிஸ். ரோண்டா, மறுபடியும் முதல்லேருந்து.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் இல்லை. வரிசையில் காத்துக்கொண்டிருந்தவர் முகத்துக்கு நேரே கவுண்டர் ஜன்னலை மூடினால் எப்படிப் பார்ப்பார், அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்து, சொன்னபடி முதலிலிருந்து சொன்னாள். “நான் டயான் இல்ல, ரோண்டா. எனக்கு இனிமே வீட்டுக்குப் போகணும்னே தோணல.” கர்டிஸ் பதில் சொன்னார். நான் மறுபடி என்றேன். அவள் மறுபடி சொன்னாள். ஏழு முறை.

ஏழாவது முறை அவள் அழவில்லை. நெற்றிச் சுருக்கம் போய், முகம் தெளிந்துவிட்டது. சாகப்போவதாகச் சொன்னவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் அவரை ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது. முடிவெடுத்துவிட்டவர்களுக்கு அந்த அமைதி வருவதுண்டு. இது எங்கள் இரண்டாம் வார வகுப்பு, எடுப்பது நான். கர்டிஸுக்கு எட்டு வகையிலும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். யாருக்கும் நான் அப்படிப் போட்டதில்லை.

ரோண்டா கோட்டை மாட்டிக்கொண்டாள். கர்டிஸைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். என்னிடம் வந்து, “உங்களுக்கு வேண்டியது கெடச்சுதா, ஆர்டிஸ்?” என்று கேட்டாள்.

கிடைத்தது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சிக்னல் தெரியும். நாலு இருபதுக்கு அவள் வண்டி வந்து நின்றது. அவள் வீடு மேற்கே. விளக்கு பச்சையானதும் வண்டி வடக்கே, டூ ஹார்பர்ஸ் போகும் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரோண்டாவைக் கூப்பிட்டிருக்கலாம், ராயைக் கூப்பிட்டிருக்கலாம், போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். நான் குறிப்பெழுத உட்கார்ந்தேன். ஒரு சுற்றின் நுணுக்கங்கள் உடனே எழுதாவிட்டால் மறந்துவிடும். மூன்று பக்கம் எழுதினேன். எழுதி முடித்தபோது மணி ஐந்தரை. ஷெல்பி வண்டியோடு சறுக்கி இறந்த அதே வளைவில் அவளைக் கண்டெடுத்தது ஐந்து பத்துக்கு என்று பிறகு தெரிந்தது.

ஆகவே, கவனிக்கத் தவறினேனா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை என்பது என் பதில். ஒவ்வொன்றையும் கவனித்தேன். போகவிட்டேன்.

அடக்கத்தன்று ராய் என்னிடம் வந்தார். “உங்ககிட்டதான் அவ மனசுவிட்டுப் பேசுவா. ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டார். ரோண்டா என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே சொல்ல மாட்டேன். பதினான்கு மாணவர்கள் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், ஆனால் அது பயிற்சிக்காக. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாகச் சொன்னார்.

என் உரிமத்தை நிறுத்திவைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் அதிகாரம். கோடை வரையாவது பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை, கர்டிஸுக்காகக் கேட்கிறேன். அவர் உடைந்துபோயிருக்கிறார். உரிமம் வேண்டாம் என்கிறார். ஆறு வாரமாக என் அறைக்கு வந்து உட்கார்ந்து, “நான் எழுந்து அவங்களப் பிடிச்சிருக்கணும், ஆர்டிஸ். பிடிக்காம குரலத் தாழ்த்திக்கிட்டு இருந்தேன்” என்று சொல்கிறார். ஒவ்வொரு வாரமும் அதே வார்த்தைகள், அதே கனம், ஒரு இழைகூடக் குறையவில்லை. வேறு யாரிடமாவது போய்ப் பேசலாமா என்று ஒருமுறை கேட்டார். அவர்களுக்கு இது புரியுமா என்று யோசிக்கச் சொன்னேன்.

வரும் வியாழக்கிழமை புதிதாக எட்டு மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் எதிரே உட்கார்ந்து பேச கர்டிஸ் சம்மதித்திருக்கிறார். பேச வேண்டியதை நான் எழுதிவைத்துவிட்டேன். இந்த நிலையில் அவரை நான் கைவிடவில்லை என்பதை வாரியம் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.